கோமதிநாயகத்துக்கு டோக்கன் நாற்பத்து மூன்று

எருக்கலார்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஓர் இருமலுக்காக எட்டு மாதமாக அங்கே போய்வருகிறேன். இருமல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மனிதர்கள் தங்கம். மேலிடத்திலிருந்து என்ன சொல்லி வந்தாலும் செய்வார்கள். சொன்னதற்கு ஒரு நூல் கூடவும் செய்ய மாட்டார்கள், ஒரு நூல் குறையவும் செய்ய மாட்டார்கள்.

கை கழுவ ஏழு படிகள் என்று அங்கே குழாய்க்கு மேல் ஒரு போஸ்டர் உண்டு. போன ஐப்பசி மழையில் ஏழாவது படம் மட்டும் நனைந்து கிழிந்துவிட்டது. அது கையைத் துடைக்கிற படம். புதுப் போஸ்டர் வரப் பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளும் அவர்கள் ஆறு படியையும் முடித்துவிட்டு ஈரக் கையோடுதான் வேலை பார்த்தார்கள். என் சீட்டில் எழுதிய மருந்தெல்லாம் கரைந்து போய்விட்டது, அதனால்தான் உங்கள் இருமல் போகவில்லை என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்கிறாள்.

மொத்தம் ஐந்து பேர். தலைமைச் செவிலியர் செல்லக்கனி சிஸ்டர். மருந்து கொடுக்கிற பூவலிங்கம், ஐந்து பேரில் நியாயம் பேசுகிறவர் அவர்தான். லேபில் ஞானசிகாமணி. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற லாசர். கூட்டிப் பெருக்குவதிலிருந்து பிரசவ வார்டில் பிள்ளையைத் துடைத்துக் கொடுப்பதுவரை எல்லாம் பார்க்கிற பேச்சித்தாய், வயது ஐம்பத்தொன்பது. டாக்டரம்மா பிரசவ விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் வருவார், பத்தரைக்கு வந்து பதினொன்றரைக்குப் போவார். மற்ற நேரமெல்லாம் இவர்கள்தான்.

ஒரு திங்கட்கிழமை ஜீப்பில் ஒரு பார்சலும் ஒரு சுற்றறிக்கையும் வந்தன. பார்சலில் ஒரு லேப்டாப். சுற்றறிக்கையை செல்லக்கனி சிஸ்டர் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

இனிமேல் மருத்துவப் பணியாளர்கள் எல்லோரும் ஆன்லைனில் பயிற்சி பெற வேண்டும். திரையில் ஒரு நோயாளி தோன்றுவார். அவருக்கு இவர்கள் வைத்தியம் பார்க்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே குழு. மூன்று வாய்ப்புகள், பத்து நாள் கெடு. எண்பது மதிப்பெண் வாங்காத நிலையத்தின் பிரசவ வார்டு இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற மேலக்கரடிமடைக்கு மாற்றப்படும். தலைமைச் செவிலியர் மலைமேல் இருக்கிற நிலையத்துக்கு அனுப்பப்படுவார்.

அதற்குக் கீழே தடித்த எழுத்தில் இரண்டு விதி. ஒன்று, திரையில் தோன்றும் நோயாளியை உண்மையான நோயாளியாகவே நடத்த வேண்டும். இரண்டு, பயிற்சியில் செய்த ஒவ்வொரு படியையும் அதே வரிசையில் உண்மையான நோயாளிக்கும் செய்ய வேண்டும்.

சிஸ்டர் வாசித்து முடித்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கேதான் அவர் வீடு இருக்கிறது. பால் காய்ச்சிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். முப்பத்தோரு வருஷமாக இந்த வார்டில் பிள்ளை எடுத்துக் கொடுத்தவர். இவர் கையில் விழுந்த பெண்கள் இவர் கையிலேயே பிள்ளை பெற்றுப் போயிருக்கிறார்கள்.

"மலைக்கு பஸ் போகுமா?" என்று கேட்டார்.

"ஜீப்பு போகும் சிஸ்டர். மழை இல்லாட்டி," என்றார் லாசர்.

செவ்வாயன்று டாக்டர் வந்துபோய்விட்டார். புதன்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தார்கள். திரையில் ஒரு மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் வேர்வை. பெயர் கோமதிநாயகம், வயது ஐம்பத்தேழு, லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா என்று கீழே போட்டிருந்தது. அவர் வாயைத் திறந்து, "எனக்கு நெஞ்சு வலிக்குது," என்றார்.

"பாவம்," என்றாள் பேச்சித்தாய்.

"சீட்டுப் போட்டாச்சா?" என்றார் சிஸ்டர்.

உண்மையான நோயாளி என்றால் சீட்டுப் போட வேண்டும், டோக்கன் வாங்க வேண்டும், பெஞ்சில் உட்கார வேண்டும். அன்றைக்குக் கூட்டம். எனக்கு டோக்கன் நாற்பத்து இரண்டு. கோமதிநாயகத்துக்கு நாற்பத்து மூன்று. லேப்டாப்பைக் கொண்டுவந்து பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"நெஞ்சு வலின்னு சொல்லுதாரே, முன்னாடி விட்டா என்ன?" என்று நான் பூவலிங்கத்திடம் கேட்டேன்.

"அவசரம்னா அவசர வாசல் வழியா வந்திருக்கணும் அண்ணாச்சி. இவரு பார்சல்ல வந்திருக்காரு," என்றார் பூவலிங்கம்.

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கோமதிநாயகம், "எனக்கு நெஞ்சு வலிக்குது," என்பார். "இப்ப கூப்பிட்டிருவாங்க," என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இருபதாவது டோக்கன் போகும்போது, "இடது கையில வலி இறங்குது," என்றார். பேச்சித்தாய் சுக்குக் காப்பி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குடிக்கவில்லை. ஆறிப் போகிறதே என்று நான் குடித்தேன்.

என் முறை வந்து, நான் உள்ளே போய் இருமிக் காட்டிவிட்டு வெளியே வந்தபோது திரை கறுத்திருந்தது. "நோயாளி இறந்துவிட்டார். மதிப்பெண் பூஜ்யம்," என்று வெள்ளை எழுத்தில் நின்றது. என் இருமல்தான் அந்த மனுஷனுக்கு எமனாக வந்துவிட்டதே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். பேச்சித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். செல்லக்கனி சிஸ்டர் இறப்புப் பதிவேட்டை எடுத்து, பெயர், வயது, இறந்த நேரம் பதினொன்று நாற்பது என்று எழுதினார். தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட முடியாது. ஏனென்றால் பதிவேடுகளைப் பார்க்க வருகிற அதிகாரி பலவேசமுத்து அப்படிப்பட்டவர்.

பலவேசமுத்துவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசிக்க மாட்டார், கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். காலிக் கட்டம் கண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆகவே தகப்பனார் பெயர் என்ற இடத்தில் "கேட்பதற்குள் போய்விட்டார்" என்று எழுதினார்கள்.

மறுநாள் துணியை எடுத்துப் பார்த்தால், திரையில் "மீண்டும் தொடங்கு" என்று ஒரு பொத்தான் இருந்தது. ஞானசிகாமணி அதைத் தொட்டார். கோமதிநாயகம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். "எனக்கு நெஞ்சு வலிக்குது," என்றார்.

பேச்சித்தாய் வெள்ளைத் துணியை மடித்து வைத்தாள்.

"இவருக்கு இன்னைக்கு சீட்டுப் போடலாமா?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"எப்படிப் போடுவீரு? நேத்து இறப்புல ஏத்தியாச்சு. செத்தவருக்குச் சீட்டுப் போட்டா ஆடிட்டுல பிடிப்பான்," என்றார் பூவலிங்கம்.

"ஆளு உயிரோட இருக்காருல்லா?"

"இருக்காரு. ஆனா நேத்து வரைக்கும் இருந்த கோமதிநாயகம் கணக்கு முடிஞ்சு போச்சு. இப்ப இருக்கவரு புதுசு. புதுசா ஒருத்தரு நம்ம நிலையத்துல உயிரோட வந்தா அதுக்கு என்ன ரிஜிஸ்டர்?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தார்கள்.

ஆண் குழந்தை என்று எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. எடைக் கட்டத்துக்காக லேப்டாப்பைப் பிள்ளைத் தராசில் வைத்தார்கள். இரண்டு கிலோ நூறு கிராம். தாயின் பெயர் என்ற கட்டத்தில்தான் அரை மணி நேரம் நின்றார்கள். கடைசியில் பூவலிங்கம், "பார்சல்ல இருந்து முதல்ல வெளிய எடுத்தது யாரு?" என்று கேட்டார். பேச்சித்தாய் கையைத் தூக்கினாள். அவள் பெயரை எழுதினார்கள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

"எடை ரெண்டரைக்குக் கீழ இருக்கு," என்றார் சிஸ்டர் கவலையோடு. "சூடு குறையாம பாத்துக்கணும்."

எடை குறைந்த பிள்ளையைத் துணியில் சுற்றி வார்மரில் வைக்க வேண்டும் என்பது சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறது. சுற்றினார்கள். வைத்தார்கள். துணிக்குள்ளிருந்து கோமதிநாயகம், "வேர்த்துக் கொட்டுது," என்றார்.

"சூடு ஏறுது, நல்லது," என்றார் சிஸ்டர்.

இருபது நிமிஷத்தில் லேப்டாப் கொதித்து அணைந்துபோயிற்று. ஆறவைத்துத் திறந்தபோது வெள்ளை எழுத்து வந்தது. "நோயாளி இறந்துவிட்டார். மதிப்பெண் பூஜ்யம். மீதம் ஒரு வாய்ப்பு."

அன்றைக்குப் பேச்சித்தாய் சாப்பிடவில்லை. செல்லக்கனி சிஸ்டர் எதிர்வீட்டுக்குப் போய், புதுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஐந்தாறு நாள் யோசித்தார்கள். பத்தாம் நாள், கடைசி வாய்ப்பு. பிறப்பு இறப்பு இரண்டும் ஏற்கெனவே பதிந்தாயிற்று, இனி வைத்தியம்தான் பாக்கி என்று பூவலிங்கம் தீர்ப்புச் சொன்னார். மீண்டும் பொத்தானைத் தொட்டார்கள். கோமதிநாயகம் நெஞ்சு வலிக்கிறது என்றார். திரையின் கீழ் ஓரத்தில் எழுதியிருந்ததை அவர்கள் முதல் முறையாக வாசித்தார்கள். "ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் செய்யவும்."

"மெல்லுங்க கோமதிநாயகம்," என்று சிஸ்டர் மாத்திரையை நீட்டினார். அவர் மெல்லவில்லை.

"பல்லு வலியா இருக்கும்," என்றார் லாசர்.

பூவலிங்கம் மாத்திரையைப் பொடி செய்து, விசைகளுக்கு நடுவே தூவினார். ஊதிக் கீழே இறக்கும்போது விரல் பட்டதோ என்னவோ, திரையில் "சரி" என்று பச்சை எழுத்து வந்தது. "வேலை செய்யுது பாத்தீயளா," என்றார்.

அடுத்தது இ.சி.ஜி. ஞானசிகாமணி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து கோமதிநாயகத்தின் நெஞ்சில், அதாவது திரைமேல், களிம்பு தடவி ஆறு வயரையும் ஒட்டினார். தாளில் கோடு நேராக வந்தது. அச்சடித்ததுபோல் ஒரே நேர்கோடு.

"மெஷின் செத்துட்டாருன்னு சொல்லுது," என்றார் ஞானசிகாமணி.

"அவரு பேசுதாரே," என்றார் சிஸ்டர்.

"பேசுறவங்க எல்லாம் உயிரோட இருக்கணும்னு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?" என்று கேட்டார் பூவலிங்கம்.

யாராலும் காட்ட முடியவில்லை. களிம்பைத் துடைக்கப் போன பேச்சித்தாயின் துணி எங்கேயோ பட்டு, மறுபடி "சரி" என்று பச்சை எழுத்து. அதன் கீழே, "உடனே ஆம்புலன்ஸில் மேல்சிகிச்சைக்கு அனுப்பவும்."

லாசர் வண்டியை எடுத்தார். லேப்டாப்பை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, ஐந்து பேரும் ஏறிக்கொண்டார்கள். சைரன் போட்டார்கள். நான் ஊர் எல்லைவரை வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போனேன்.

கல்பாலம் தாண்டியதும் கோமதிநாயகம் அசையாமல் நின்றுவிட்டார். வாய் பாதி திறந்தபடி. திரை நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூச்சு இல்ல," என்று பேச்சித்தாய் அலறினாள்.

லாசர் பயத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தார். செல்போன் டவருக்குக் கீழே வந்ததும் கோமதிநாயகம், "கையில வலி இறங்குது," என்றார். முன்னால் போனால் மூச்சு நிற்கிறது, டவருக்குக் கீழே வந்தால் மூச்சு வருகிறது. அந்த இடத்துக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்கள். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரே ஓட்டமாகப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர் இருந்தார். தூங்கி இரண்டு நாள் ஆனவர்போல் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பேஷண்ட் எங்க?" என்றார்.

"படுத்திருக்காரு டாக்டர்," என்றார் சிஸ்டர்.

டாக்டர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். ஐந்து பேரையும் பார்த்தார். படிக்கும்போது அவரும் இதே கோமதிநாயகத்தைப் பார்த்திருக்கிறார். நாலு பொத்தானைத் தட்டினார். "பேஷண்ட் பிழைச்சிட்டாரு. எடுத்துட்டுப் போங்க," என்றார். பிறகு ஒரு சீட்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "அடுத்த தடவை யாரையாவது கொண்டுவரதுக்கு முன்னாடி வழியில எனக்கு ஒரு போன் போடுங்க. தயவுசெஞ்சு," என்றார்.

திரையில் பூப்பூவாக விழுந்தது. "நோயாளி உயிருடன் ஒப்படைக்கப்பட்டார். வழியில் வீண் தாமதம். மதிப்பெண் எழுபத்தொன்பது."

ஒரு மதிப்பெண் குறைவு.

மறுநாள் பதினொரு மணிக்கு பலவேசமுத்து உத்தரவோடு வந்து இறங்கினார். அன்றைக்கும் நான் பெஞ்சில் இருந்தேன். அன்றைக்கும் டோக்கன் நாற்பத்து இரண்டுதான். என் ராசி அப்படி.

செல்லக்கனி சிஸ்டர் உத்தரவை நின்றுகொண்டே வாசித்தார். வார்டு மேலக்கரடிமடைக்கு. சிஸ்டர் மலைக்கு. மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. உத்தரவு கையில் கொடுக்கப்படும் நாளில் அந்த வார்டில் ஒரு குழந்தை பிறந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதில் கடைசித் தடுப்பூசி போட்டு முடியும்வரை வார்டை மாற்றக்கூடாது.

"இன்னைக்குப் பிரசவம் உண்டா?" என்றார் பலவேசமுத்து.

"இல்ல சார். மாடத்திக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

"அப்ப கையெழுத்துப் போடுங்க. எந்தக் கட்டமும் காலியா இருக்கக் கூடாது."

சிஸ்டர் பேனாவை எடுத்தார். "மாடத்திக்கு வலி எடுத்தா இருபத்திரண்டு கிலோமீட்டர் எப்படி சார் போவா?" என்று மட்டும் கேட்டார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அது இருமலுக்காக இல்லை.

பலவேசமுத்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். நெஞ்சில் கையை வைத்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. நாற்காலியில் சாய்ந்து, "எனக்கு நெஞ்சு வலிக்குது," என்றார்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு சொல்லு மாறல," என்றார் ஞானசிகாமணி.

"ரெண்டாவது விதி," என்றார் பூவலிங்கம். "அதே வரிசை. ஒரு படியும் விடக் கூடாது."

டோக்கன் நாற்பத்து மூன்று கிழித்து அவர் சட்டைப்பையில் வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் போயிருந்தார்கள். நான் மட்டும்தான் பாக்கி. ஒரு தரம் பட்ட பாவம் போதும் என்று, "எனக்கு இருமல் சரியாப் போச்சு, அவரைப் பாருங்க," என்று எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் வந்த இருமலைத் துண்டை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

சிஸ்டர் இறப்புப் பதிவேட்டை விரித்தார். "பலவேசமுத்து, ஐம்பத்தேழு. நேரம் பதினொன்று இருபது. தில்லுமுல்லு இல்லாம எழுதணும். கோமதிநாயகத்துக்குத் தகப்பனார் பேரைக் கேக்காம விட்டுட்டோம். சார், உங்க அப்பா பேரு என்ன?"

"ஆண்டியப்பன்," என்றார் பலவேசமுத்து முனகிக்கொண்டே. "கட்டம்... காலியா..."

"விடல சார்."

அடுத்து பிறப்புப் பதிவேடு. ஆண் குழந்தை, பதினொன்று இருபத்திரண்டு. பிள்ளைத் தராசு தாங்காது என்று அவரை நாற்காலியோடு தூக்கி, மருந்துப் பெட்டி நிறுக்கிற தராசில் வைத்து, நாற்காலியைக் கழித்தார்கள். எண்பத்து நாலு கிலோ.

"நல்ல எடை. வார்மர் வேண்டாம்," என்றார் சிஸ்டர்.

தாயின் பெயர் பேச்சித்தாய். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பூவலிங்கம் ஆஸ்பிரினைப் பொடித்து அவர் வாயில் போட்டார். விசைகளுக்கு நடுவே தூவியதைவிட இது சுலபமாக இருக்கிறது என்றார். ஞானசிகாமணி களிம்பு தடவி வயரை ஒட்டினார். தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சிஸ்டர், கோடு மேலயும் கீழயும் போகுது. கோமதிநாயகத்துக்கு அழகா நேரா வந்துச்சு. மெஷின் ரிப்பேர் ஆயிட்டு."

"ரிப்பேர் ஆன கோட்டையும் கையில எடுத்துக்கும். வண்டியில ஏறும்."

பழகின கை. எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம்தான். பெல்ட், சைரன், கல்பாலம். பாலம் தாண்டியதும் லாசர் வண்டியைப் பின்னால் எடுத்து டவருக்குக் கீழே நிறுத்தினார். வழியில் போன் போடச் சொல்லியிருந்தாரே என்று சிஸ்டர் அப்போது சின்ன டாக்டருக்குப் போன் போட்டார். அந்தப் பாதையில் போன் எடுக்கிற ஒரே இடம் அதுதான்.

"மறுபடியும் கோமதிநாயகமா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். இவருக்கு எடை கூட."

கோடு எப்படிப் போகிறது என்று டாக்டர் கேட்டார். ஞானசிகாமணி மேலே, கீழே, மேலே என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே ஆட்கள் நின்றார்கள். அரை மணி நேரத்தில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். இத்தனை சுத்தமாக ஒரு கேஸ் எந்த நிலையத்திலிருந்தும் வந்ததில்லை என்று பெரிய டாக்டர் சொன்னதாக லாசர் சொன்னார். இது மட்டும் பொய்யில்லை, நானும் வேறொருவர் சொல்லிக் கேட்டேன்.

எட்டாம் நாள் பலவேசமுத்து கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்ததும் கேட்டது கஞ்சி இல்லை, பதிவேடுகள். சிஸ்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். இறப்பைப் பார்த்தார். பிறப்பைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாகக் கட்டத்துக்குள் எழுதியிருந்ததையும் வாசித்தார். பெயரை வாசித்தார், எடையை வாசித்தார், தாயின் பெயரை வாசித்தார். தேதியில் வந்து நின்றார். உத்தரவு கொடுத்த தேதி.

"அன்னைக்கு வார்டுல ஒரு குழந்தை பிறந்திருக்கு," என்றார்.

"ஆமா சார்," என்றார் சிஸ்டர். அவருக்கு இது அப்போதுதான் உறைத்தது.

"எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு."

"ஆமா சார்."

இருபத்தாறு வருஷமாக அவர் வேறெதையும் கேட்டதில்லை, இப்போது கேட்பதற்கும் அவரிடம் ஒன்றும் இல்லை. உத்தரவின் மேல் "ஐந்து ஆண்டு ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செல்லக்கனி சிஸ்டர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷம்தான். மாடத்திக்குச் சொன்ன தேதியில் பெண் பிறந்தது, சிஸ்டர் கையில்தான்.

ஆனால் பதிவு என்றால் பதிவு. நாற்பத்தைந்து நாள் முடிந்து வந்த புதன்கிழமை, தடுப்பூசி நாள். பலவேசமுத்து தானே ஜீப்பில் வந்து இறங்கி, கையில் தாய்சேய் அட்டையோடு, பதினொரு பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தார். பேச்சித்தாய் பெருக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, புதுச் சேலை உடுத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் அவர் வாயைத் திறந்தார். இரண்டு சொட்டு.

"அழவே இல்ல பாருங்க," என்று பேச்சித்தாய் மற்றத் தாய்மார்களிடம் சொன்னாள்.

சிஸ்டர் அட்டையை நிரப்பிக்கொண்டே வந்தார். எடை சரி. பால் குடிக்கிறதா, வெந்நீரில் கலந்து குடிக்கிறார். கடைசியில் ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன?" என்றார் பலவேசமுத்து.

"தாயின் முகம் பார்த்துச் சிரிக்கிறதான்னு கேட்டிருக்கு சார். ஒன்றரை மாசத்துல சிரிக்கணும்."

தாய்மார்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து யாரும் பார்க்காத மனிதர்.

"காலியா விட்டுரட்டுமா சார்?"

"காலியாவா?" என்றார் பலவேசமுத்து. மெல்லத் திரும்பி பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது, பிறகு மறுபக்கம். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னம் ஏறி, காதுவரை விரிந்து, வாய் நிறையச் சிரித்தார். எனக்குக்கூடக் கண் கலங்கிவிட்டது. சிஸ்டர் "ஆம்" என்று எழுதினார்.

பூவலிங்கம் மட்டும் கிட்டே போய்க் குனிந்து அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்," என்றார் மெதுவாக. "நாப்பத்தஞ்சு நாள் பிள்ளைக்கு இத்தனை பல்லு இருக்கலாமா?"

சிஸ்டர் எழுந்து வந்து பார்த்தார். ஞானசிகாமணி எண்ணினார். முப்பத்தொன்று, அதில் ஒன்று தங்கம்.

லாசர் வண்டியை எடுக்கப் போனார்.